சில்வரில் சீமெந்து ஒட்டாது

முள்ளியவளை பஸ்ஸில் சோற்றுப்பானையை மடியில் வைத்துக்கொண்டு போன மனுசி அந்த வருசத்தில் பத்மாசனி ஒருத்தியாகத்தான் இருப்பாள். பானைக்குள் தாச்சி, தாச்சிக்குள் துணியில் சுற்றின அகப்பை. உடையார்கட்டுச் சந்தியில் ஏறும்போதே கொண்டக்டர் கேட்டுவிட்டான்.

"என்னக்கா, திரும்பவும் இடம்பெயர்வோ? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"உன்ர வாயைக் கழுவு. சிங்க் வேண்டப் போறன். பானை கொள்ளுமோ எண்டு வைச்சுப் பாக்க வேண்டாமோ?"

பஸ் சிரித்தது. பின் சீற்றில் இருந்த மாயாண்டியும் சிரித்தான். ஆனால் அவனுக்கு உள்ளே ஒரு பயம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அன்றைக்குக் கையாளாகப் போகவில்லை, மேசனாகப் போகிறான்.

எழுபத்தேழுக் கலவரத்தோடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தவன் மாயாண்டி. வந்த நாள் முதல் மற்றவன் கட்டும் சுவருக்குக் கல்லும் சாந்தும் சுமந்ததுதான் அவன் தொழில். சாந்து குழைக்கிற கைக்குச் சுவர் கட்டவும் வரும் என்று ஒருவரும் நினைத்ததில்லை. சமாதானம் வந்து, பாதை திறந்து, கிளிநொச்சிப் பக்கம் வீட்டுக்கு மேல் வீடு எழும்பத் தொடங்கியதும் இருந்த மேசன்மார் எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். பத்மாசனியின் குசினி பாதிச் சுவரில் நின்றது. அவள் இரண்டு கிழமை பார்த்தாள். பிறகு மாயாண்டியைக் கூப்பிட்டு, "நீயே கட்டு. பாத்துப் பாத்து நிண்டனிதானே, கை பழகியிருக்கும்" என்றாள். நாற்பத்துநாலு வயதில் அவன் பேருக்குக் கிடைத்த முதல் வேலை அது.

பத்மாசனிக்குச் சிங்க் ஆசை வந்ததற்குக் காரணம் அவளுடைய தங்கை. கனடாவிலிருந்து வந்து பத்து நாள் நின்றவள், கிணற்றடியில் குந்தியிருந்து பானை மினுக்கும் தமக்கையைப் பார்த்துக் கண்கலங்கி, தன் வீட்டுச் சிங்கைப் பற்றி ஒரு கதை சொல்லிவிட்டுப் போனாள். மற்றச் சிங்கெல்லாம் மேலால் வைப்பதாம், விளிம்பு எழும்பி நிற்குமாம், அந்த விளிம்பில் ஊத்தை தேங்குமாம். இது மேடைச் சிலாப்புக்குக் கீழால் பொருத்துவதாம். மேலே விளிம்பே இராதாம். தேங்காய்ப்பூவோ சோற்றுப் பருக்கையோ சிந்தினால் கையால் ஒரு தள்ளு, நேரே உள்ளே போய்விடுமாம். பத்மாசனியின் முழங்காலுக்குக் குந்துவது ஏலாது. தங்கை போன பிறகும் அந்தக் கதை வீட்டிலேயே நின்றது.

முள்ளியவளைக்குப் பக்கத்துத் தண்ணீரூற்றில் ஜவ்பர் கடை திறந்து அப்போது எட்டு மாதம். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது போன ஆட்களில் அவரும் ஒருவர். பன்னிரண்டு வருசம் புத்தளத்தில் இருந்துவிட்டு வந்து, கூரை இல்லாமல் கிடந்த தன் தகப்பனின் கடைச் சுவர்களுக்கு மேல் தகரம் போட்டு, ஆணியும் பைப்பும் பெயின்றும் விற்றார். சிங்க் வேண்டுமென்று பத்மாசனி ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். வவுனியாவில் தேடி, அங்கே இல்லாமல் கொழும்புக்குச் சொல்லி, மூன்று விதம் எடுத்து வைத்திருந்தார்.

"வாங்கோ தங்கச்சி. இதென்ன, சமைச்சே கொண்டு வந்திருக்கிறியள்?"

"வெறும் பானை அண்ணை. சோறு உங்கட சிங்க் சரியா இருந்தாத்தான்."

அவள் மூன்றுக்குள்ளும் பானையை இறக்கிப் பார்த்தாள். முதலாவதில் பானை பாதிக்கு மேல் வெளியே நின்றது. இரண்டாவது அகலம், ஆனால் ஆழம் காணாது. மூன்றாவதில் பானை இறங்கி, பக்கத்தில் தாச்சியும் இறங்கி, கை விட்டுத் துலக்கவும் இடம் இருந்தது. அவள் அதை விரல்மடிப்பால் தட்டினாள். மற்ற இரண்டும் தகரம் போலக் கத்தின. இது அடக்கமாகச் சத்தம் தந்தது. ஜவ்பர் சிங்கைப் புரட்டி அடியில் ஒட்டியிருந்த கறுப்பு றப்பரைக் காட்டினார்.

"தண்ணி விழுற சத்தம் கேக்காது. தகடும் மொத்தம், மெல்லிசில்லை. இந்தாங்கோ காந்தம். வைச்சுப் பாருங்கோ, பிடிக்காது. காந்தம் பிடிக்கிற தகட்டில கறளும் பிடிக்கும், துரு ஏறும்."

காந்தம் பிடிக்கவில்லை. வழுகி விழுந்தது. பத்மாசனி அதைப் பொன்னைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கீழால் பொருத்தும் சிங்க் அதுதான். விலை பேசி முடித்து, பஸ் வருகிறதா என்று பார்க்க அவள் வெளியே போனாள்.

ஜவ்பர் மாயாண்டி பக்கம் திரும்பினார். "மேசன், இந்த விதம் முன்னம் வைச்சிருக்கிறீங்களோ?"

'மேசன்' என்று அவனை ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சொல் காதில் விழுந்த கையோடு வாய் தானாகத் திறந்தது.

"ஓம் ஓம். கிளிநொச்சியில ரெண்டு மூண்டு வைச்சனான்."

"அப்ப நல்லது. எண்டாலும் கொழும்பு ஆள் எனக்குச் சொன்னதை எழுதித் தாறன். நானே மறந்திடுவன்." கலண்டர்த் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் தச்சுப் பென்சிலால் ஆறுதலாக எழுதி நீட்டினார்.

மாயாண்டிக்கு எழுத்துத் தெரியும். முப்பத்தெட்டு வயதில், மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, அவளுடைய புத்தகத்தை வைத்து அவளோடேயே படித்தவன். ஆனால் அவனுக்கு வாய்விட்டுத்தான் வாசிக்க வரும். உதடு அசையாவிட்டால் எழுத்து எழுத்தாகவே நிற்கும், சொல்லாகச் சேராது. கடையில் அப்போது ஆணி வாங்க வந்த இரண்டு பேர் நிற்கிறார்கள், பத்மாசனி எந்த நேரமும் உள்ளே வரலாம். இவர்களுக்கு முன்னால் "து... வா... ரம்" என்று எழுத்துக் கூட்டவா? அவன் தாளை எட்டப் பிடித்து, மேலிருந்து கீழே ஒருமுறை கண்ணை ஓட்டி, தலையை ஆட்டி, நாலாக மடித்துச் சேட்டுப் பொக்கற்றில் வைத்தான்.

"விளங்குதோ?"

"விளங்காம? இது எங்கட தொழில்தானே முதலாளி."

வீட்டுக்குப் போய் வாசிக்கலாம் என்றுதான் நினைத்தான். வீட்டுக்குப் போனதும் நாளைக்கு வாசிக்கலாம் என்று நினைத்தான். சேட்டு தோயப் போனது.

சிங்க் வந்த பெட்டியில் ஒரு பசைக் குழாயும், வளைந்த கொழுக்கி போல நாலு இரும்புத் துண்டும், அவற்றுக்கு ஆணியும் இருந்தன. கொழுக்கிகள் வழியில் சிங்க் ஆடாமல் பிடிக்கப் போட்டவை என்று மாயாண்டி தனக்குத்தானே முடிவு கட்டினான். இரும்பு எறியக் கூடாது என்று தன் ஆயுதப் பைக்குள் போட்டுக்கொண்டான். பசையை விளிம்பில் நூல் போல இழுத்தான். அது நீர் கசியாமல் அடைக்க என்பது அவன் எண்ணம். சிங்கைத் தாங்கிப் பிடிக்கிற வேலையைச் சீமெந்துக்குக் கொடுத்தான். அவன் வாழ்க்கையில் கண்டது அதுதானே. கல்லைக் கல்லோடு பிடித்தது சீமெந்து, கிணற்றைப் பிடித்தது சீமெந்து, பங்கர் வாசலைப் பிடித்ததும் சீமெந்து. நல்ல அரித்த மணலில் ஒன்றுக்கு இரண்டு போட்டு, சிங்கின் விளிம்புக்குக் கீழே சுற்றிவரக் கைமொத்தத்துக்கு அப்பினான். அடியில் நாலு தடி முட்டுக் கொடுத்தான். சிலாப் போட்டவன் பலகை கழற்றப் பொறுப்பதுபோல ஏழு நாள் பொறுத்து, எட்டாம் நாள் தடிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். சிங்க் நின்றது.

பத்மாசனி முதல் தண்ணீர் திறந்தபோது சூடம் கொளுத்தவில்லை, அவ்வளவுதான். கிணற்றடித் தொட்டியிலிருந்து வந்த தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது. அவள் சிலாப்பில் ஒரு பிடி தேங்காய்ப்பூவைச் சிந்தி, கையால் தள்ளி, அது விளிம்பு தடுக்காமல் உள்ளே விழுவதைப் பார்த்தாள். பிறகு இன்னொரு பிடி சிந்தினாள்.

அந்தச் சிங்கோடு வாழ்வதற்கு வீட்டுக்கு ஒரு சட்டம் வந்தது. சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் கிட்டப் போகக் கூடாது, கீறும். மீன் பழையபடி கிணற்றடியில்தான். பின்னேரம் பாத்திரம் கழுவி முடிந்ததும் பழைய சாரத் துண்டால் ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புத்தண்ணி வெள்ளைப் புள்ளி விடும். வயலால் வரும் அவள் புருசன் சின்னராசா அதில் கை கழுவக் கூடாது.

"சாமியறைக்குள்ள கூட நான் கழுவாத காலோட போறனான்," என்று சின்னராசா பக்கத்து வீட்டானிடம் சொன்னார். "இதுக்குக் கிட்டப் போறதெண்டா முழுகவேணும்."

சனம் பார்க்க வந்தது. வந்தவர்கள் சிலாப்பைத் தடவி, விளிம்பைத் தேடி, காணாமல் அதிசயப்பட்டார்கள். "ஆர் வைச்சது?" என்று கேட்டார்கள். "எங்கட மாயாண்டி" என்றாள் பத்மாசனி. சுவருக்குப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்த மாயாண்டி திரும்பிப் பார்க்காமல், அந்தச் சொல்லை முதுகால் வாங்கிக்கொண்டான்.

பூச்சு வேலையின் கடைசி நாளில் குனிந்து பார்த்தபோது, சில்வருக்கும் சீமெந்துக்கும் நடுவில் தலைமயிர் மொத்தத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. சுற்றி வர ஓடியிருந்தது. அவன் அதைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு கொஞ்சம் சீமெந்துக் களி குழைத்து, பெருவிரலால் கோட்டை அழுத்தி மூடினான். நிமிர்ந்து, "முடிஞ்சுதம்மா" என்றான்.

பெரும்போக நெல் வெட்டின நாள். சூடடித்த ஆட்களுக்குச் சமையல். இருபது பேருக்கு ஆக்கின கிடாரத்தையும் பானையையும் பத்மாசனி சிங்குக்குள் இறக்கி ஊறட்டும் என்று தண்ணீர் முட்ட விட்டாள். அடைப்பை எடுக்கக் கையை விட்டபோது ஒரு சத்தமும் முன்னறிவிப்பும் இல்லாமல் எல்லாம் கீழே போனது. சிலாப்பில் வெறும் ஓட்டை. சிங்கின் விளிம்பு அவளுடைய இடது புறங்காலில் கத்தி போல இறங்கியிருந்தது.

நெல் ஏற்ற வந்த உழவு மெசினில்தான் அவளைப் புதுக்குடியிருப்புக்குக் கொண்டுபோனார்கள். பதினொரு தையல். உள்ளே எலும்பும் வெடித்திருந்தது.

அடுத்த நாள் காலை மாயாண்டி போனபோது குசினி வாசலில் ஏழெட்டுப் பேர். நடுவில் சிங்க் கவிழ்ந்து கிடந்தது. அதன் விளிம்பில் சீமெந்தின் தடம்கூட இல்லை, கழுவி வைத்த கோப்பை போல மினுங்கியது. அப்பின சீமெந்து முழுதும் சிலாப்போடு அப்படியே நின்றது. சின்னராசா சத்தம் போடவில்லை. அதுதான் கூடப் பயமாக இருந்தது.

"மாயாண்டி, ஏன் விழுந்தது? உள்ளதைச் சொல்லு."

அவனுக்குப் பயம் வந்தால் தோட்டத்து வாய் திரும்பி வந்துவிடும்.

"நான் என்னங்க பண்ணுவேன்? நான் போட்ட சீமெந்து பாருங்க, அசையாம நிக்குது. சாமானுதாங்க சரியில்ல. அந்தப் பசை பழசு போல. அந்தக் கடைக்காரரு ஒண்ணும் சொல்லித் தரவும் இல்லீங்க."

நின்றவர்களில் ஒருவர் "அப்பிடிச் சொல்லு" என்றார். இன்னொருவர், "பன்ரெண்டு வருசத்தால வந்து எங்கட தலையில பழைய சாமானைக் கட்டுறாங்கள்" என்றார். சொல்லி வைத்ததுபோல எல்லாருக்கும் அது பொருந்திப் போனது. மாயாண்டி தூக்கிப் போட்டது ஒரு சின்னப் பொய்தான். அதற்குக் குந்த இடம் முன்னமே தயாராக இருந்தது என்பதை அவன் அப்போதுதான் கண்டான்.

மூன்றாம் நாள் சின்னராசா சிங்கையும் மாயாண்டியையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரூற்றுக்குப் போனார். கடை வாசலில் சிங்கைப் போட்ட சத்தத்தில் ஜவ்பர் எழும்பி வந்தார். கதையைக் கேட்டார். முதலில் கேட்டது, "தங்கச்சிக்குக் கால் எப்பிடி?"

"கால் கிடக்கட்டும். எப்பிடிப் பூட்டிறதெண்டு ஏன் சொல்லேல்லை? பழைய பசையை ஏன் தந்தனீர்?"

"நான் எழுதிக் குடுத்தனானே. மேசனிட்டக் குடுத்தனான், ஒரு கலண்டர்த் தாளில."

எல்லாரும் மாயாண்டியைப் பார்த்தார்கள். கடைக்குள் இருந்து ஜவ்பரின் மனைவி லதீபாவும் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள்.

"தாளா?" என்றான் மாயாண்டி. "அப்படி ஒண்ணும் தரல்லீங்களே."

ஜவ்பர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் இல்லை. எதையோ நினைவில் தேடி எடுப்பதுபோல ஒரு பார்வை. பிறகு அந்த முகம் இளகியது.

"அப்ப எழுதாம விட்டிருப்பன். அண்டைக்கு வேலை கூட, ஒரே பறதி. என்ர பிழை." சின்னராசா பக்கம் திரும்பினார். "தம்பி, இதை வைச்சிட்டுப் போங்கோ. வேறொண்டு எடுப்பிச்சு நானே கொண்டு வாறன்."

"என்ன கதை சொல்றீங்க? நீங்க எழுதினதை நான் கண்டனே..." என்று உள்ளே இருந்து லதீபா தொடங்கினாள்.

"நீ உள்ளுக்குப் போ புள்ள."

வரும் வழியில் சின்னராசா புதுக்குடியிருப்புத் தேத்தண்ணிக் கடையில் இறங்கி, கேட்டவனுக்கும் கேளாதவனுக்கும் கதையைச் சொன்னார். "நாலு பேருக்கு முன்னால பிழையை ஒத்துக்கொள்ள வைச்சிட்டன்" என்றார். மாயாண்டிக்கு வடையும் வாங்கிக் கொடுத்தார். அவன் ஒரு கடியோடு வைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் மனைவி வடிவம்மாவிடம் கேட்டான். "அந்தச் சேட்டுல ஒரு தாள் இருந்துச்சே?"

"தோய்க்க முன்ன எடுத்து வெச்சேன். பெட்டியில கெடக்கு."

மகள் வகுப்புக்குப் போயிருந்தாள். அவன் அடுப்படியில் குந்தி, தாளை விரித்து, விரல் வைத்து வாசித்தான். வடிவம்மா தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்.

"ஒன்று. துவாரம் சிங்கின் உள் அளவுக்கு. இரண்டு. பசை பூச முன்னம் எண்ணெய்ப் பிடி போகத் துடைக்கவும். மூன்று. நாலு கொழுக்கியையும் நாலு பக்கமும் ஆணி போட்டு இறுக்கவும். இது இல்லாமல் நிற்காது. நான்கு. அடியில் இரண்டு பக்கமும் கல் வைத்துத் தாங்கு கட்டவும். ஐந்து. சீமெந்தை நம்ப வேண்டாம். சில்வரில் சீமெந்து ஒட்டாது."

கொழுக்கு என்றா கொழுக்கி என்றா என்று ஓரிடத்தில் மட்டும் தடக்கினான். மற்றதெல்லாம் குழந்தைக்கு எழுதினதுபோல உருண்டை உருண்டையான எழுத்து. முழுதும் வாசிக்க ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூடப் போகவில்லை. ஒரு தேத்தண்ணி நேரம். பதினொரு தையல்.

வடிவம்மா துருவலை நிறுத்தினாள். "அப்ப அந்த மனுசன் சொன்னது நெசந்தானே?"

அவன் தாளைக் கசக்கி அடுப்புக்குள் போட்டான். அது உடனே பிடித்துச் சுருண்டது.

"கடுதாசி எரிஞ்சிருச்சு," என்றாள் அவள். "நீ வாசிச்சது என் காதுல கெடக்கே. அதை எந்த அடுப்புல போடுவ?"

ஒரு மாதம் போனது. மாயாண்டிக்கு வேலை வந்தபடி இருந்தது. ஒருவரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரூற்றுப் பக்கம் போய் வந்தவர்கள் ஜவ்பரின் கடையில் சனம் இல்லை என்றார்கள். முந்திச் சனம் ஆணிக்கும் அங்கேதான் போகும். இப்போது முல்லைத்தீவு ரவுணுக்கோ புதுக்குடியிருப்புக்கோ போய் வாங்கியது. அதை அவர்கள் ஒரு நியாயத்தைச் செய்ததுபோலச் சொன்னார்கள். கேட்கும் ஒவ்வொரு தடவையும் மாயாண்டி கையில் இருந்த சாந்துக் கரண்டியைக் கழுவப் போனான்.

புதுச் சிங்கை ஜவ்பர் தானே கொண்டு வந்தார். லொறியொன்றில் தொற்றி வந்து, சந்தியில் இறங்கி, பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். சின்னராசா ஆளனுப்பி மாயாண்டியைக் கூப்பிட்டார். பத்மாசனி கட்டுப் போட்ட காலைக் கதிரையில் நீட்டிக்கொண்டு இருந்தாள். வந்தவருக்கு வாங்கோ என்று சொல்லவில்லை.

"மேசன், நீங்க பூட்டுங்கோ. நான் கீழால பிடிக்கிறன்," என்றார் ஜவ்பர்.

இருவரும் சிலாப்புக்குக் கீழே சாக்கு விரித்து மல்லாந்து படுத்தார்கள். பழைய சீமெந்தைக் கொத்தி எடுக்க வேண்டியிருந்தது. தூசி இருவர் முகத்திலும் விழுந்தது.

"உளி எங்க?"

"அந்தப் பைக்குள்ள இருக்கு முதலாளி."

சொன்ன பிறகுதான் பைக்குள் வேறு என்ன கிடக்கிறதென்று அவனுக்கு நினைவு வந்தது. ஜவ்பர் பைக்குள் கை விட்டார். கை திரும்பி வந்தபோது உளியோடு ஒரு கொழுக்கியும் இருந்தது. திரும்பவும் விட்டு மற்ற மூன்றையும் எடுத்தார். நாலையும் தன் நெஞ்சின் மேல் வரிசையாக வைத்தார். சிங்கைத் தூக்கி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, முதலாவது கொழுக்கிக்கு இடம் காட்டினார்.

மாயாண்டி துளை கொத்தினான். குரலைத் தணித்து, "நீங்க தாள் தந்தனீங்கள் முதலாளி," என்றான்.

"எனக்குத் தெரியும்தானே."

"அப்ப ஏன் அண்டைக்கு உங்கட பிழை எண்டனீங்கள்?"

"நீ கடையில தாளைப் பிடிச்ச விதத்தைக் கண்டனான். எழுத்துத் தெரியாத மனுசன், நாலு பேருக்கு முன்னால என்னெண்டு சொல்லுவான் எண்டு நினைச்சன். புத்தளத்தில முகாமுக்கு வாற தாளெல்லாம் அப்பிடிப் பிடிச்ச ஆக்கள் என்னோட எத்தினை பேர் வரிசையில நிண்டவை."

மாயாண்டி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அப்படியே விட்டிருந்தால் ஒரு பாவப்பட்டவனாகவாவது மிஞ்சியிருப்பான். ஆனால் அந்த இரக்கம் அவன் மேல் தவறான முகவரிக்கு வந்த சாமான்போலக் கிடந்து அழுத்தியது.

"எனக்கு வாசிக்கத் தெரியும்," என்றான்.

ஜவ்பரின் கை நின்றது.

"வாய்விட்டுத்தான் வாசிப்பன். ஆக்கள் நிண்டவை, வெக்கம். வீட்டை போய் வாசிக்கலாமெண்டு விட்டிட்டன். பிறகு... விழுந்த பிறகு வாசிச்சனான். எல்லாம் எழுதியிருந்தது."

மேலே பத்மாசனி யாருக்கோ தேத்தண்ணி போடச் சொல்லும் சத்தம் வந்தது.

"தெரியாதவன் எண்டுதான் நான் அந்தப் பழியை எடுத்தன்," என்றார் ஜவ்பர். குரல் உயரவில்லை. "தெரிஞ்சவனுக்காக எடுத்திருக்க மாட்டன். என்ர மனிசி ஒரு மாசமா என்னோட கதைக்கிறேல்லை. திரும்பப் புத்தளத்துக்கே போவமெண்டு நிக்கிறா."

"மன்னிச்சுக் கொள்ளுங்க முதலாளி."

"எனக்கேன் சொல்றாய்? எனக்கு முன்னமே பாதி தெரியும். மேல இருக்கிறவைக்குச் சொல்லு." அவர் அடுத்த கொழுக்கியை எடுத்தார். "முதல் இதை இறுக்கு. இது விழக் கூடாது."

நாலு கொழுக்கியும் இறுக்கினார்கள். இரண்டு பக்கமும் கல் வைத்துத் தாங்கு கட்டினார்கள். வேலை முடிய முடிய மாயாண்டி இன்னும் ஏதாவது செய்ய இருக்கிறதா என்று தேடினான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான். கடைசியில் தவழ்ந்து வெளியே வந்து, தலையில் சீமெந்துத் தூசியோடு பத்மாசனியின் கதிரைக்கு முன்னால் நின்றான்.

"அம்மா, பிழை இவருடையதில்லை. இவர் எல்லாம் எழுதித் தந்தவர். நான் வாசிக்கேல்லை. கொழுக்கி பூட்டேல்லை. கோடு விட்டதையும் கண்டனான், களி பூசி மறைச்சிட்டன். கடையில வைச்சுச் சொன்னதும் பொய்."

தோட்டத்து வாய் வரவில்லை. பயம் எப்போதோ போய்விட்டது போல. இருந்தது வேறொன்று.

பத்மாசனி தன் காலைப் பார்த்தாள். பிறகு ஜவ்பரைப் பார்த்தாள். "நான் இந்த மனுசனை... ஆசுப்பத்திரியில படுத்திருந்து எத்தினை சாபம் போட்டனான்," என்றாள். மாயாண்டியை அவள் பார்க்கவே இல்லை. அவன் ஏதாவது திட்டுவாளென்று நின்றான். அவள் திட்டவில்லை. "அண்ணை, இருங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்று ஜவ்பருக்குச் சொன்னாள். அவர் கை கழுவ இடம் தேடினார். "இதிலேயே கழுவுங்கோ," என்று சிங்கைக் காட்டினாள். சின்னராசாவுக்கே கிடைக்காத இடம் அது.

சின்னராசா மாயாண்டியை மாமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"சரி, சொல்லிப்போட்டாய். இதோட விடு. வெளியில கதைக்காதை."

"இல்லை ஐயா, ஊரெல்லாம் அவரைப் பற்றி..."

"ஊருக்குச் சொன்னது நான். இப்ப நீ போய்ப் பொய்யெண்டு சொன்னா என்ர மூஞ்சியை எங்க வைக்கிறது? நாலு நாளில சனம் மறந்திடும்."

ஊர் மறக்கிறதுக்கும் ஜவ்பரின் கடை பூட்டுறதுக்கும் எது முந்தும் என்று மாயாண்டிக்குத் தெரியவில்லை. சின்னராசாவின் காணியில்தான் அவன் குடிசை இருந்தது. அவரோடு பகைக்க ஏலாது. ஆனாலும் அடுத்த நாள் சங்கக்கடை வரிசையில் நின்றபோது சொன்னான். சந்தியில் சொன்னான். புதுக்குடியிருப்புத் தேத்தண்ணிக் கடையில், சின்னராசா வடை வாங்கிக் கொடுத்த அதே மர வாங்கில் இருந்து சொன்னான். பொய் சொன்ன அன்றைக்கு ஒரு வசனம் போதுமாக இருந்தது. உண்மைக்கு ஒவ்வொரு தடவையும் தொடக்கத்திலிருந்து வர வேண்டியிருந்தது. பாதியில் ஆட்கள் எழும்பிப் போனார்கள். சிலர் சிரித்தார்கள். "சோனகர் நல்லாக் கவனிச்சிருக்கிறார் போல" என்று ஒருவன் காசு எண்ணுவதுபோல விரலைச் சுண்டிக் காட்டினான். மாயாண்டிக்குக் காது கொதித்தது. அவனுக்கு அந்தக் கேவலம் வரும் என்று தெரியாமல் இருந்ததில்லை. அது ஜவ்பர் மேலேயும் சேர்ந்து தெறிக்கும் என்பதைத்தான் நினைக்கவில்லை.

சித்திரையில் விசுவமடுச் செல்வநாயகம் சைக்கிளில் வந்து இறங்கினார். புது வீடு கட்டுகிறவர். பத்மாசனி வீட்டுக் குசினியைப் போய்ப் பார்த்துவிட்டு நேரே அவனிடம் வந்திருந்தார்.

"மாயாண்டி, அந்த மாதிரி ஒண்டு எனக்கும் வேணும். விளிம்பில்லாதது. நீதான் வைக்கவேணும். குசினி முழுக்க உனக்குத்தான்."

அவனுக்கு மூன்று கிழமையாக வேலை இல்லை. சின்னராசா கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். வடிவம்மா படலையடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வைக்கலாம் ஐயா. சிங்க் தண்ணீரூற்றிலதான் எடுக்கவேணும், ஜவ்பர் முதலாளியிட்ட."

"சீச்சீ, அங்க வேண்டாம். வவுனியாவில எடுப்பிக்கிறன். அந்தாளின்ர சாமான் விழுந்து பத்மாசனியின்ர கால் போனது உனக்குத் தெரியாதே?"

"சாமானில்லை ஐயா. நான்தான் விழுத்தினது." அவன் திரும்பவும் தொடக்கத்திலிருந்து சொன்னான். தாள், கொழுக்கி, கறுப்புக் கோடு, களி. செல்வநாயகம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முடிய, தோளில் தட்டினார்.

"நீ நல்லவன். அதாலதான் அவனுக்காகக் கதைக்கிறாய். அது உன்ர குணம். சரி, எப்ப வாறாய்?"

மாயாண்டி அவர் முகத்தைப் பார்த்தான். தன்னை நல்லவன் என்று சொன்னது, இத்தனை நாளில் கேட்ட எல்லாக் கேலியையும்விட அவனுக்குக் கூசியது.

"அவரிட்ட எடுத்தா நாளைக்கே வாறன். வேற இடத்தில எண்டா நான் வரேல்லை, ஐயா."

"உனக்கென்ன விசரே?"

"ஓம் ஐயா."

செல்வநாயகம் சைக்கிளைத் திருப்பினார். ஒழுங்கை முடியுமட்டும் தலையை ஆட்டிக்கொண்டே போனார். தண்ணீரூற்றுப் பக்கம் திரும்புவாரா, புளியங்குளத்தால் வவுனியாவுக்கு ஆள் அனுப்புவாரா என்று மாயாண்டி வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். சந்திவரை போனது தெரிந்தது. பிறகு நெல் மூட்டை ஏற்றின லொறியொன்று குறுக்கே வந்து மறைத்துவிட்டது.

"குசினி முழுக்கன்னாரே," என்றாள் வடிவம்மா.

"ம்."

"சரி. விறகு கொத்து. சோறாச்சும் ஆக்குவோம்."

அவன் கோடரியைத் தேடிப் போனான்.